மறக்காத பெட்டியும் நாலு கோணி ஊசியும்

எங்கள் அலுவலகத்தில் தைவானுக்கு யார் போகிறீர்கள் என்று கேட்டால் எல்லாக் கைகளும் மேலே வரும். கல்வராயன் மலைக்கு யார் போகிறீர்கள் என்று நாகேஷ் கேட்டபோது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கம்ப்யூட்டரில் அவசர வேலை வந்துவிட்டது. நாகேஷ் எங்கள் கம்பெனியை ஆரம்பித்தவர், மைசூர்க்காரர். தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் அவர் பார்வை கடைசியில் என்மேல் வந்து நின்றது. சரி என்றேன். உண்மையைச் சொன்னால் தைவானில் கண்ணாடிக் கட்டடங்களைத்தான் பார்த்தேன். இந்த மலையில் பார்த்தது அதைவிட அதிகம்.

நாங்கள் செய்வது காந்த நினைவகச் சிப். வழக்கமான நினைவகம் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆள் மாதிரி. மின்சாரம் இருக்கிறவரை பிடித்திருப்பான், போனால் விட்டுவிடுவான். கதவு திறந்திருந்ததா மூடியிருந்ததா என்பது யாருக்கும் தெரியாமல் போகும். காந்தச் சிப்பில் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு. மின்சாரம் போனாலும் விட்ட இடத்தில் நிற்கும். கரண்ட் இல்லாமலும் நினைவில் வைத்துக்கொள்ளும் வேறு வகைச் சிப்புகள் பழையவை இருக்கின்றன. ஆனால் அவற்றில் நொடிக்கு நொடி எழுதி அழித்துக்கொண்டிருந்தால் தேய்ந்துவிடும். எங்களுடையது தேயாது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் கொரியாவிலும் பெரிய பெரிய கம்பெனிகள் இதில் இறங்கியிருக்கின்றன. நாங்கள் பெங்களூரில் ஒரு கட்டில் மெத்தைக் கடையின் மாடியில் வரைபடம் போட்டுத் தைவானில் செய்து வாங்குகிற சின்னக் கூட்டம்.

கோயம்புத்தூரில் சிறுதானிய இயந்திரங்கள் செய்யும் ஒரு கம்பெனி, சாமைக்கு உமி நீக்கும் தன் புது இயந்திரத்தில் எங்கள் சிப்பைப் போட்டுப் பார்க்கச் சம்மதித்திருந்தது. சாமை காய்ந்திருக்கிறதா, ஈரமாக இருக்கிறதா என்று பார்த்து அந்த இயந்திரம் தன் உருளைகளின் இடைவெளியைத் தானே மாற்றிக்கொண்டே இருக்கும். கரண்ட் போய் வந்தால் கடைசியாக நின்ற இடத்திலிருந்து தொடர வேண்டும். மறந்துவிட்டால் தொழிற்சாலையில் வைத்த கணக்குக்குப் போய்ச் சாமையை நொய்யாக உடைத்துத் தள்ளும். மலையில் ஒரு மகளிர் குழுவிடம் ஒன்றைச் சோதனைக்குக் கொடுத்திருந்தார்கள். அது இரண்டு தடவை மறந்துவிட்டது.

இன்னொரு தடவை மறந்தால் எங்களுக்கு வரவேண்டிய ஆர்டர் ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்குப் போகும். இயந்திரமும் மலையிலிருந்து இறங்கி வேறு ஊருக்குப் போகும். இந்த இரண்டையும் தலையில் சுமந்துகொண்டுதான் சாயங்காலம் கள்ளக்குறிச்சியில் இறங்கினேன்.

*

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் நான் முதலில் கேட்ட வாக்கியம் எனக்காகச் சொல்லப்பட்டதல்ல. ஒரு பெண் போனில் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார். “இன்னா, வூட்டுக்கு வரியா, இல்ல அங்கியே குந்திக்கினு இருக்கப் போறியா?” நான் நாகர்கோவில்காரி. எங்கள் ஊர்த் தமிழுக்கு மெட்ராஸ்காரர்கள் சிரிப்பார்கள். இந்தத் தமிழைக் கேட்க எனக்கு ஆசையாக இருந்ததால் அந்த அம்மா போனை வைக்கிறவரை பக்கத்திலேயே நின்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

அறைக்குப் போகும் வழியெல்லாம் கரும்பு. மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குப் போகிற டிராக்டர்கள் ஒன்றின் பின்னால் ஒன்றாக ஊர்ந்தன. ஒரு டிரெய்லரிலிருந்து சரிந்த கரும்பை ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்தி எடுத்து, நல்லதாகப் பார்த்து ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு, மற்றதை ஓரமாக நகர்த்திவிட்டுப் போனார். ஊர்ச் சேவையும் ஆச்சு, கரும்பும் ஆச்சு.

இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு மெஸ். மீன் உண்டா என்று கேட்டது என் தப்பு. பரிமாறியவர் யோசித்து, “ஏரி மீனு காலைல இருந்துச்சுங்க, தீந்து பூட்ச்சி” என்றார். எங்கள் ஊரில் மீன் இல்லை என்பதைச் சொல்ல ஒரு துக்க முகம் வைத்துக்கொள்வார்கள். இவர் சிரித்துக்கொண்டே சொன்னார். பரோட்டாவும் சால்னாவும் வந்தன. சால்னா நன்றாகவே இருந்தது. ஆனாலும் மனசு மீனிலேயே நின்றது.

பக்கத்து மேசையில் இரண்டு பேர் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மலையில் நேற்று இரவு முழுக்கக் கரண்ட் இல்லை என்றார் ஒருவர். மற்றவர், “அங்க எப்ப இருந்திச்சி?” என்றார். கரண்ட் போவதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டவள் அந்த மெஸ்ஸில் நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன்.

*

காலையில் மலைக்குப் போகும் பேருந்தில் ஜன்னலோரம் கிடைத்தது. கச்சிராயபாளையம் தாண்டியதும் காற்று மாறியது. கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கின. எனக்குப் பக்கத்தில் இருந்தவர் மடியில் ஒரு கோழியைப் பையோடு வைத்திருந்தார். ஒவ்வொரு வளைவிலும் நான் கோழி மேல் சாய்ந்தேன், அல்லது கோழி என் மேல் சாய்ந்தது. இரண்டு பேருக்கும் பழகிவிட்டது.

பாதி மலையில் பேருந்து நின்றது. முன்னால் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய டிராக்டர் வளைவில் சக்கரம் இறங்கிக் கிடந்தது. எங்கள் ஊராக இருந்தால் முதலில் யார் மேல் தப்பு என்று ஒரு விசாரணை நடந்து, அதன் பிறகு ஒருவேளை வண்டியைத் தள்ளுவார்கள். இங்கே யாரும் எதுவும் பேசவில்லை. ஆண்கள் இறங்கினார்கள், பெண்களும் இறங்கினார்கள், கிழங்கு மூட்டைகளில் பாதியை இறக்கி ஓரமாக வைத்துவிட்டு டிராக்டரைத் தள்ளினார்கள். கோழிக்காரர் என்னிடம், “இத்த கொஞ்சம் புடிங்க” என்று கோழியைக் கொடுத்துவிட்டுப் போய்த் தோள் கொடுத்தார். என் பங்குக்கு நான் கோழியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டிராக்டர் ஏறியதும் மூட்டைகளையும் ஏற்றிவிட்டார்கள். நன்றி சொல்லும் படலம் எதுவும் நடக்கவில்லை. டிராக்டர்க்காரர் எங்கள் டிரைவரிடம் இரண்டு கிழங்கை நீட்டினார்.

வெள்ளிமலையைத் தாண்டி ஒரு வளைவில் மல்லிகா நின்றிருந்தார். மகளிர் குழுவின் தலைவி, முப்பத்தைந்து வயது இருக்கும், காதில் போன், இடுப்பில் சாவிக்கொத்து. போனை அணைக்காமலே என் பையை வாங்கிக்கொண்டார்.

“நீங்க தான் பொட்டி மேடமா? வாங்க. சாப்ட்டு தான் மிஷினாண்ட போவணும். வெறும் வயித்துல மிஷினப் பாத்தா கோவம் ஜாஸ்தியாவும்.”

சாமைச் சோறும், மொச்சைக் கொட்டைக் குழம்பும், பேர் தெரியாத ஒரு கீரையும். சாமையைப் பெங்களூர் கடைகளில் அழகான டப்பாவில் பார்த்திருக்கிறேன்; உடம்பு இளைக்கச் சாப்பிடுவது என்று ஒட்டியிருக்கும். இங்கே அது பசிக்குச் சாப்பிடுகிற சோறு. மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

*

ஆலை என்பது தகரக் கூரை போட்ட ஒரே அறை. இயந்திரம் நடுவில், அதன் தூணில் என் கண் உயரத்துக்கு எங்கள் சிப்பை வைத்து நாங்களே செய்துகொடுத்த கட்டுப்பாட்டுப் பெட்டி, அதன் கீழே சுவிட்ச். ஏழெட்டுப் பெண்கள் வேலையில் இருந்தார்கள். புடைக்கிறவர்கள், எடை போடுகிறவர்கள். பூங்கொடி என்று ஒருவர் மூட்டை வாயைத் தைத்துக்கொண்டிருந்தார். பேசாமல் வேலை செய்கிற ஆள். நான் வந்ததை ஒருமுறை நிமிர்ந்து பார்த்ததோடு சரி.

பெட்டியின் மூடியில், நெற்றிப் பொட்டு மாதிரி, உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக ஏதோ ஒட்டியிருந்தது. விபூதிப் பட்டையும் குங்குமமும் பூசியிருந்தார்கள். ஆயுத பூஜை போட்டது என்று நினைத்துக்கொண்டேன். சாமி காரியத்தில் கை வைக்கக் கூடாது என்பது எனக்கு வளர்ப்பிலேயே வந்தது. அதைத் தொடாமல் மூடியை மட்டும் பக்குவமாகத் திறந்தேன்.

சோதனை தொடங்கியது. மெயின் சுவிட்சை அணைத்தேன், போட்டேன். பெட்டி மறக்கவில்லை. மறுபடி அணைத்துப் போட்டேன். மறக்கவில்லை. திரும்பத் திரும்பச் செய்தேன். விட்ட இடத்திலேயே நின்றது. மல்லிகா கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

“டாக்டரைப் பாத்தா நோவு பூடுமே, அது மாதிரி நீங்க வந்ததும் நல்லாயிடுச்சி” என்றார்.

சரி என்று மூடியைச் சாத்திவிட்டு, சாமையைப் போட்டு ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். சொல்லிவைத்த மாதிரி நிஜமாகவே கரண்ட் போனது. வந்தபோது இயந்திரம் கரகரவென்று நொய்யைத் துப்பியது. மல்லிகா ஓடிப்போய் அணைத்தார். மற்றவர்கள் கீழே விழுந்த நொய்யைக் குனிந்து அள்ளினார்கள்.

மூடியைத் திறந்து சோதித்தேன்: நினைவிருந்தது. மூடிச் சோதித்தேன்: சில தடவை நினைவிருந்தது, சில தடவை மறந்தது. திறந்தால் ஞாபகம், மூடினால் மறதி. இப்படி ஒரு வியாதியைப் படிப்பிலும் கேட்டதில்லை, பதினைந்து வருட வேலையிலும் பார்த்ததில்லை. சூடாக இருக்குமோ என்று பார்த்தேன். மூடி எந்தக் கம்பியிலாவது படுகிறதா என்று பார்த்தேன். ஒன்றுமில்லை. பயம் ஒரு பக்கம் இருந்தாலும், விடுகதை போட்ட மாதிரி ஒரு குறுகுறுப்பும் இருந்தது. மதியம் முழுக்க அதன் முன்னாலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது பூங்கொடி வந்தார். மூட்டை தைத்து முடித்த கோணி ஊசியை, நூல் வாலோடு, அந்தக் குங்கும வட்டத்தின் பக்கம் கொண்டுபோனார். டக்கென்று ஊசி போய் ஒட்டிக்கொண்டது. அங்கே ஏற்கெனவே மூன்று ஊசிகள் குங்குமத்துக்குள் ஒளிந்திருந்தன. பூங்கொடி நாலையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, மல்லிகாவைப் பார்த்துத் தலையாட்டினார். மல்லிகா சுவிட்சைப் போட்டார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

“மல்லிகா, அது என்ன?”

“காந்தம் மேடம். மைக் செட்டு குழாய்ல இருக்குமே. இவங்க வூட்டுக்காரரு மைக் செட்டு வெச்சிக்கிறாரு, ஒண்ணு எரிஞ்சி பூட்ச்சி, அதுல இருந்து எடுத்தது.”

பெட்டி மூடியின் தகரம் அப்பள கனம். அதற்கு நேர் உள்ளே, விரல்கடைத் தூரத்தில், எங்கள் சிப். மூடினால் இந்தக் காந்தம் சிப்பின் காந்தத் தாழ்ப்பாளை இழுத்துத் திறந்துவிடுகிறது. அமெரிக்காவும் ஜப்பானும் நாங்களும் எங்கள் சிப்புகளைச் சூட்டில் வைத்தோம், குளிரில் வைத்தோம், குலுக்கினோம், தண்ணீர் தெளித்தோம். காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள் என்று கையேட்டில் எங்கோ ஒரு வரி எழுதியிருப்போம். எழுதினால் போதுமென்று இருந்துவிட்டோம்.

*

சிக்னல் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும்தான். அங்கே ஏறிப்போய் நாகேஷைக் கூப்பிட்டேன். அவர் கேட்டதும் பெரிதாக மூச்சுவிட்டார்.

“அப்பாடா, நம்ம சிப்பில் கோளாறு இல்லை. பயன்படுத்தியவர்கள் தவறு என்று எழுது. படம் எடுத்துப் போடு. கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இன்றைக்கே அனுப்பிவிடலாம்” என்றார் ஆங்கிலத்தில்.

“இயந்திரத்தை எடுத்துவிடுவார்களே?”

“அது அவர்களுக்கும் கோயம்புத்தூருக்கும் உள்ள விஷயம். ஆர்டர் போனால் நம்ம கதை என்னவாகும், அதை யோசி.”

அவர் கெட்டவர் இல்லை. பன்னிரண்டு பேர் வீட்டு அடுப்பு அவர் தலையில் எரிகிறது. எனக்கும் உள்ளுக்குள் நிம்மதிதான், பொய் சொல்வானேன். கோளாறு நம்முடையது இல்லை என்று தெரிவதில் இருக்கிற சுகம் தனி.

இறங்கி வந்து மல்லிகாவிடம் காந்தத்தை எடுத்துவிடச் சொன்னேன்.

“அப்ப ஊசிய எங்க வெக்கிறது?”

“ஒரு டப்பாவில் போட்டு வைங்க.”

மல்லிகா மறுத்துப் பேசவில்லை. அதுதான் சங்கடமாக இருந்தது. காந்தத்தைப் பிடுங்கி, குங்குமத்தைத் துடைத்து, பரணில் வைத்தார். ஊசிகள் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குப் போயின. பூங்கொடி அன்று முதன்முதலாக என்னிடம் பேசினார்.

“ஒரு தபா ஊசி மூட்டைக்குள்ள பூட்ச்சிங்க. நான் தச்ச மூட்டை. பசங்க ஆஸ்டலுக்குப் போனது. சமைக்கிறவங்க பொடைக்கிறப்ப பாத்துட்டாங்க. பாக்காம இருந்திருந்தா?” பிஸ்கட் டப்பாவை மூடினார். “அதுலேருந்து ஊசி அல்லாம் காந்தத்துல இருந்தா தான் சுவிட்சு. சுவிட்சு போடறவ கண்ணு அங்க தான போவும்.”

அதன் பிறகு விடுதிக்காரர்கள் இவர்களிடம் சாமை வாங்கவில்லையாம். மறுபடி இந்த வருடம்தான் கேட்டிருக்கிறார்கள். மறுநாள் வண்டி வருகிறது.

ராத்திரி மல்லிகா வீட்டில் கேழ்வரகுக் களியும் கொள்ளு ரசமும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் தட்டைப் பார்த்தபடியே கேட்டார். “மிஷின எடுத்துக்கினு பூடுவாங்களா மேடம்?”

“பார்க்கலாம்” என்றேன். அந்த வார்த்தையை நான் டாக்டர்களிடமும் வங்கிகளிலும் கேட்டிருக்கிறேன். சொல்கிறவர்களுக்கு அது எவ்வளவு வசதி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

*

மறுநாள் காலை முழுக்கச் சோதனை. பெட்டியில் பதிந்ததைப் படிக்க உள்ளே ஒரு சின்னப் பிளக்கைக் கழற்ற வேண்டியிருந்தது. நகத்துக்கு வரவில்லை. டப்பாவிலிருந்து ஒரு கோணி ஊசியை எடுத்து நெம்பினேன், வந்துவிட்டது. கரண்டை எத்தனையோ முறை அணைத்துப் போட்டோம். மலையும் தன் பங்குக்கு இரண்டு முறை அணைத்துப் போட்டது. ஒரு முறைகூட மறக்கவில்லை. சாமை முழுசு முழுசாக, வெள்ளையாக விழுந்துகொண்டே இருந்தது. பெண்கள் கை நிறைய அள்ளிப் பார்த்தார்கள். நான் அறிக்கையை எழுதி முடித்தேன். காரணம்: பயன்படுத்தியவர்கள் தவறு. தண்ணீர்த் தொட்டிக்குப் போய் அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

விடுதிக்குப் போகும் லோடு வண்டி வந்தது. மூட்டைகளை ஏற்றினார்கள். எனக்கும் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. மல்லிகா அடுத்த லோடு ஓட்டச் சுவிட்சில் கை வைத்தார். கண் தானாகப் பெட்டி மூடிக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. கையை எடுத்தார்.

“ஊசி?”

பூங்கொடி டப்பாவைத் திறந்தார். மூன்று.

டப்பாவைக் கவிழ்த்தார்கள். சாக்குகளை உதறினார்கள். யாரோ தரையைப் பெருக்கினார்கள். பூங்கொடி வண்டியில் ஏறி, தானே தைத்த முதல் மூட்டையைத் தூக்கிக் கீழே இறக்கினார். டிரைவர், “ஏம்மா, நேரமாவுதுமா” என்றார். “ஆவட்டும்” என்றார் பூங்கொடி. தையலைப் பிரித்தார். மல்லிகா பரணிலிருந்து காந்தத்தை எடுத்து வந்தார். சாமையைப் பாயில் கொட்டி, காந்தத்தைக் கையில் வைத்துத் துழாவினார்கள். ஒன்றுமில்லை. அடுத்த மூட்டை. அதிலும் இல்லை. அடுத்தது.

நானும் உட்கார்ந்து துழாவினேன். கீழே பேருந்து ஹாரன் அடித்துவிட்டுப் போவது கேட்டது. “நான் தான் சரியா பாக்கல, நான் தான்” என்று பூங்கொடி ஒவ்வொரு மூட்டைக்கும் சொன்னார். யாரும் அவரைத் திட்டவில்லை. தையல் பிரிப்பதும் கொட்டுவதும் மட்டும் நடந்தது. ஏற்றிய மூட்டைகளில் பாதிக்கு மேல் தரையில் கிடந்தன.

துழாவத் தோதாக இன்னொரு காந்தம் இருந்தால் நல்லது என்று எனக்குத் தோன்றியது. என் திருப்புளியின் முனை காந்தம் ஏற்றியது, கீழே விழுந்த ஸ்க்ரூவைப் பொறுக்கும். கருவிப் பையைத் திறந்தேன்.

திருப்புளி முனையில், சமர்த்தாக, நூல் வாலோடு, கோணி ஊசி ஒட்டிக்கொண்டிருந்தது.

பிளக்கை நெம்பிவிட்டு அதை எங்கே வைத்தேன் என்று எனக்குத் தெரியவே தெரியாது. கை பையில் போட்டிருக்கிறது. காந்தம் பிடித்துக்கொண்டது. நான் பேருந்தில் போயிருந்தால் அந்த ஊசி பெங்களூருக்கு வந்திருக்கும். இவர்கள் எல்லா மூட்டையையும் பிரித்துக் கொட்டி, கிடைக்காமல், இந்தச் சாமையை அனுப்புவதா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள். ஊசியை நீட்டினேன். வெட்கத்தில் காது சுட்டது.

பூங்கொடி ஊசியை வாங்கிப் பார்த்தார். பிறகு அப்படியே பாயில் உட்கார்ந்து அழுதார். மல்லிகா அவர் முதுகில் கை வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். “பரவால்ல மேடம், கெடச்சிது இல்ல. அது போதும்” என்றார். திட்டியிருந்தால் தேவலை.

*

அன்றைக்கு நான் மீண்டும் அந்தப் பெட்டியைத் திறந்தேன். சிப் இருந்த பலகையைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பி மாட்டினேன். இப்போது சிப் மூடியிலிருந்து தள்ளி, பெட்டியின் அடிப்பக்கத்தில். அது மட்டும் போதாது. காந்தத்துக்கும் பெட்டிக்கும் நடுவில் கனமான இரும்பு வேண்டும். காந்தத்தின் வீச்சை அது தனக்குள் வாங்கிக்கொள்ளும். கனமாக இரும்பு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். மல்லிகா வீட்டுக்கு ஆள் அனுப்பினார். காது உடைந்த ஒரு தோசைக்கல் வந்தது.

தோசைக்கல்லைப் பெட்டி மூடி மேல் கம்பி போட்டுக் கட்டினோம். அதன் மேல் காந்தம். காந்தத்தின் மேல் நாலு ஊசி. பார்க்க ஏதோ வேண்டுதல் மாதிரி இருந்தது. மூடியைச் சாத்தி அணைத்தேன், போட்டேன். மறக்கவில்லை. எத்தனை முறை செய்தாலும் மறக்கவில்லை. பூங்கொடி மறுபடி குங்குமம் வைத்தார், இந்த முறை தோசைக்கல்லுக்கும் சேர்த்து.

பேருந்து போய்விட்டதால் லோடு வண்டியில், டிரைவர் பக்கத்தில் இடம் கொடுத்தார்கள். மறுபடி தைத்த மூட்டைகள் பின்னால். இறக்கத்தில் டிரைவர் ஒரு கையால் ஓட்டி ஒரு கையால் பேசினார். நான் மடியில் கம்ப்யூட்டரை வைத்து, எழுதியிருந்த காரணத்தை அழித்தேன். பெட்டியின் வடிவமைப்பில் தவறு. ஆலையில் கோணி ஊசியும் அதை ஒட்டிவைக்கக் காந்தமும் இருக்கும் என்பதை நாங்கள் யோசிக்கவில்லை என்று எழுதினேன். சிக்னல் வந்ததும், மறுபடி யோசிக்காமல் நாகேஷுக்கும் கோயம்புத்தூருக்கும் சேர்த்தே அனுப்பிவிட்டேன்.

கள்ளக்குறிச்சியில் இறங்கும்போதே நாகேஷ் கூப்பிட்டார்.

“தவறு நம்முடையது என்று நாமே எழுதிக்கொடுத்தால் ஆர்டர் எப்படி வரும்?”

நடந்ததைச் சொன்னேன். தோசைக்கல் வரைக்கும் சொன்னேன். அவர் கேட்டார்.

“எத்தனை ஆலைகளில் இந்த ஊசி இருக்கும்?”

“மூட்டை தைக்கிற எல்லா ஆலையிலும்.”

“அங்கே ஒரு காந்தம் வந்தால் வெளிநாட்டுக் கம்பெனியின் சிப்பும் மறக்கும்.”

“மறக்கும்.”

“தோசைக்கல்லின் கனம் என்ன? அளந்தாயா?” என்றார். அளக்கவில்லை. அதற்கு ஒரு திட்டு விழுந்தது. கோயம்புத்தூர் என்ன சொல்லும் என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஆனால் திட்டில் பழைய நாகேஷ் திரும்பி வந்திருந்தார்.

இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டு ஊருக்குப் போகத் தீர்மானித்தேன். உளுந்தூர்பேட்டையில் நாகர்கோவில் வண்டிக்காக நின்றபோது நெடுஞ்சாலை முழுக்க லாரிகள் இரைந்தன. டீக்கடையில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. போண்டா நன்றாக இருந்தது. இரண்டாவதைக் கடிக்கும்போது போன் அடித்தது. மல்லிகா.

“மேடம், மூட்டை ஆஸ்டலுக்குப் போயி சேந்துச்சாம். இங்க இப்ப தான் கரண்டு போயி வந்துச்சி.”

ஒரு காதைப் பொத்திக்கொண்டு கத்தினேன். “ஊசி நாலும் இருக்கா?”

“இருக்குது மேடம். தொட்டுப் பாத்துட்டு தான் சுவிட்சு போட்டேன்.” அவர் சிரிப்பது லாரிச் சத்தத்திலும் கேட்டது. “பொட்டியும் மறக்கல. நீங்க கேக்கலன்னாலும் சொல்லிடறேன்.”